எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அவளுடைய கவுண்டர்தான். ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்குப் பின்னால் அவள். தடுப்புக்கு மேலே நான்கு படங்கள் ஒட்டியிருக்கும். அரை நாள் பஸ், முழு நாள் பஸ், வழிகாட்டியோடு பழைய நகரத்தில் நடை, ஆற்றுப் படகு. வெயில் பட்டுப் பட்டு, படங்களில் சிவப்பு எல்லாம் போய்விட்டது. கோட்டையும் மணிக்கூண்டும் குளிரில் விறைத்தவை போல நீலம் பாரித்து நின்றன.

ஊர் பார்க்க வருகிறவர்கள் ஊரைப் பற்றி எதுவும் கேட்பதில்லை என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் தெரிந்துகொண்டாள். சாப்பாடு உண்டா, நடுவில் கழிப்பறை உண்டா, ரயில் நேரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவீர்களா. இவ்வளவுதான். அவள் வரலாறு படித்தவள். கோட்டையைக் கட்டியது யார் என்று இன்றுவரை ஒருவரும் அந்த ஓட்டை வழியாகக் கேட்டதில்லை.

"ஏம்மா, அரை நாள்ல எல்லாத்தையும் பார்த்துடலாமா?"

"பாதி பார்க்கலாம் சார்."

"அப்ப முழு நாள்ல?"

"முழுசாப் பார்க்கலாம். சாயங்காலம் காலைத் தூக்கி எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியாது."

கணவனுக்குப் பின்னாலிருந்து மனைவி எட்டிப் பார்ப்பாள். "இவர் சோபாவுல இருந்து எழுந்திருக்கவே அரை நாள் ஆகும். அரை நாளே குடும்மா."

கூட்டமில்லாத நேரத்தில் அவளுக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். வருகிறவர்களின் செருப்பையும் பெட்டியையும் தூரத்திலேயே பார்த்து, இவர்களுக்கு இது என்று மனதுக்குள் ஒட்டிவிடுவாள். முட்டி வலிக்காரர்களுக்குப் படகு. புதுக் கல்யாணம் என்றால் நடை, ஏனென்றால் சந்துகளில் பின்தங்கிக்கொள்ளலாம். பெரிய குடும்பம் என்றால் முழு நாள் பஸ். சீட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இரண்டடி போய்த் திரும்பி வந்து கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "எந்தப் பக்கம் உட்கார்ந்தா நல்லாத் தெரியும்?"

முழு நாள் பஸ்ஸை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா. அவள் அங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணமும் அதுதான். குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் என்று அப்பா அவளை 'டிகிரி' என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு டிப்போ முழுக்க அதுவே பேராகிவிட்டது. பட்டம் வாங்கி, போட்டித் தேர்வுகள் எழுதி, எழுதியதெல்லாம் போய், வீட்டில் சும்மா இருந்தவளை, "வேலை கிடைக்கிற வரைக்கும் உக்காரட்டும் சார்" என்று மேனேஜரிடம் சொல்லி உட்கார வைத்ததும் அவர்தான்.

அப்பா அந்த நகரத்தின் எல்லா இடங்களுக்கும் தினமும் போகிறவர். எதையும் பார்த்ததில்லை. பயணிகளின் பைகள் வண்டியிலேயே இருக்கும் என்பதால் டிரைவர் இறங்கிப் போகக் கூடாது. கோட்டை என்றால் அவருக்குப் பின்பக்கத்து மதில், அதை ஒட்டி ஒரு குழாயடி. அருங்காட்சியகம் என்றால் நிழலில்லாத ஒரு தார் மைதானம். "உள்ள என்னதான்டி இருக்கு?" என்று எப்போதாவது கேட்பார். அவள் சொல்ல ஆரம்பித்தால், பாதியில் தூங்கிவிடுவார்.

அவர்களுடைய வீடு டிப்போவுக்குப் பின்னால், கம்பெனி டிரைவர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு அறை. துவைத்துக் காயப்போட்ட துணியில்கூட டீசல் வாடை அடிக்கும். ஓட்டுகிறவரைக்கும்தான் வீடு. வண்டியை விட்டு இறங்கினால் வீட்டை விட்டும் இறங்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருநாள் காலை, அம்மா அடுப்படியில் இருந்ததால் அவள் அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு போனாள். ஒரு ஸ்டூலை இழுத்து நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில், வலப்பக்கம் போட்டு அதில் வைத்தாள்.

"டீ எங்கடி?"

"பக்கத்துலதாம்பா."

அவர் கையை நீட்டித் துழாவினார். டம்ளர் உருண்டு, டீ தரையெல்லாம் ஓடியது. சத்தம் கேட்ட பிறகுதான் கழுத்தை முழுதாகத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். அம்மா ஓடி வந்தாள். தரையைத் துடைத்தாள். ஸ்டூலை எடுத்து இடப்பக்கம் போட்டாள். வேறு டீ கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். அப்பா எடுத்துக் குடித்தார்.

அவள் நின்ற இடத்திலிருந்து வீட்டைப் பார்த்தாள். ரேடியோ இடப்பக்கம். துண்டு மாட்டுகிற ஆணி இடப்பக்கம். செருப்பு, தண்ணீர்ச் செம்பு, மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாம் இடப்பக்கம். அப்பாவின் நாற்காலி மட்டும் வலப்பக்கச் சுவரோரமாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. அம்மா ஏதோ ஒழுங்குபடுத்துகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வீடே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்ந்து போயிருந்தது. படித்தவளுக்குத் தெரியவில்லை.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் அம்மாவிடம் நின்றாள்.

"எவ்வளவு நாளாம்மா?"

"எது?"

"அம்மா."

அம்மா துணியைப் பிழிந்து உதறினாள். "வலப்பக்கம் ஓரம் மட்டும்தான் தெரியலையாம். நேரா எல்லாம் பளிச்சுன்னு தெரியுதாம். கம்பெனி டெஸ்ட்ல கடகடன்னு படிச்சாரு. எழுத்தை நேராத்தானே மாட்டியிருக்காங்க?"

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனோம். போன பார்வை போனதுதானாம். இருக்கிறதைக் காப்பாத்தச் சொட்டு மருந்து குடுத்தாங்க."

"வண்டி ஓட்டலாமான்னு கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு தெரியாதா? அதனாலதான் கேக்கலை." அம்மா அடுத்த துணியை எடுத்தாள். "உனக்கு ஒரு வேலை அமையட்டும்னு பல்லைக் கடிச்சிட்டு இருக்காரு."

"எனக்குத்தான் வேலை இருக்கே."

"அந்தக் கூண்டுல உக்காந்து சீட்டு கிழிக்கவா அவ்வளவு படிக்க வெச்சாரு?"

அம்மா அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவளுக்கு ஒரு வேலை கிடைக்காததால்தான் அப்பா இன்னும் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவள் தேர்வில் தவறிய ஒவ்வொரு முறையும் அந்த பஸ் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது.

மறுநாள் காலை கவுண்டரில் முதலில் வந்தது ஒரு குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு குழந்தை, விரலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. முழு நாள் பஸ் கேட்டார்கள்.

"முழு நாள் குழந்தைங்களுக்குத் தாங்காதுங்க. அரை நாள் எடுத்துக்கோங்க" என்றது அவள் வாய்.

உண்மைதான். குழந்தைகளுக்கு முழு நாள் தாங்காது. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னது பொய் இல்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் அவளைக் கெடுத்தது.

கர்ப்பிணிக்குப் படகு என்றாள், பஸ்ஸில் குலுங்கும் என்று. வயதான தம்பதிக்கு அரை நாள், கோட்டையில் படி அதிகம் என்று. கல்லூரிப் பெண்கள் கூட்டத்துக்கு நடை, பஸ்ஸில் போனால் போட்டோ எடுக்க முடியாது என்று. ஒவ்வொன்றுக்கும் நியாயமான ஒரு காரணம் இருந்தது. ஆனால் பஸ்ஸைக் காலியாக விட முடியாது, மேனேஜர் கேட்பார். யாரையாவது ஏற்றத்தான் வேண்டும். யாரை?

தனியாக வருகிறவர்களை. வேலை விஷயமாக வந்து ஒரு நாள் மிஞ்சிப்போன விற்பனையாளர்கள். பேச்சுத் துணை இல்லாத, தோளில் ஒரே ஒரு பையோடு வருகிற நடுவயது ஆண்கள். "எத்தனை பேர்?" என்று கேட்டு, "நான் மட்டும்தான்" என்று பதில் வந்தால், அவள் கை தானாக முழு நாள் சீட்டுப் பக்கம் போனது. இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று அவள் ஒரு நாளும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாமலே நடந்ததால், அதற்குப் பெயர் வைக்க வேண்டியதும் இல்லாமல் போயிற்று.

எந்தப் பக்கம் உட்காரலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் தவறாமல் "இடப்பக்கம்" என்றாள்.

இதற்கிடையில் புகார் ஒன்று வந்தது. முழு நாள் போய் வந்த ஒருவர் ஓட்டைக்குள் வாயை வைத்துச் சொன்னார்: "உங்க கைடு எங்க மூஞ்சியப் பார்த்தே பேச மாட்டேங்கிறாரும்மா. பாதி நேரம் ரோட்டைப் பார்த்துப் பேசறாரு. நாங்க என்ன ரோட்டுலயா நிக்கறோம்?"

வழிகாட்டியை எல்லோரும் 'மைக்' என்பார்கள். அப்பாவோடு பல வருஷமாக அதே வண்டி. டிரைவருக்கு இடப்பக்கம், கதவை ஒட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்து நிற்பது அவர் வேலை. அவள் மைக்கை டீக்கடையில் பிடித்தாள்.

"என்ன அண்ணே, ரோட்டைப் பார்த்துக் கதை சொல்றீங்களாமே?"

மைக் டீயை ஊதினார். "ரோடு நல்லாக் கேக்குது டிகிரி. நடுவுல எழுந்து கக்கூஸ் எங்கன்னு கேக்காது."

"அண்ணே, எனக்குத் தெரியும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரலில் இருந்த மோதிரத்தால் டீக்கடைக் கம்பியில் டக் என்று ஒரு தட்டு தட்டினார். "இது நில்லு." டக் டக். "இது போ." பிறகு விடாமல் நாலைந்து தட்டு. "இது வலப்பக்கம் எவனோ வர்றான். உங்கப்பனுக்கு வலது கண்ணாடி நான்தான். பயணிங்க என்னமோ நான் தாளம் போட்டுப் பேசறேன்னு நெனைக்கிறாங்க."

"நீங்க லீவு போட்டா?"

"போடலையே. காய்ச்சல்லகூட வந்தேனே." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நீ பரீட்சைய பாஸ் பண்ணு சீக்கிரம். என் மோதிரம் தேயுது."

அந்தப் பேச்சு அவளுக்குத் தைரியம் கொடுத்தது. தான் மட்டும் அல்ல, அம்மா, மைக், எல்லோரும் ஆளுக்கொரு கை கொடுத்து அந்த வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. வண்டிக்குள் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

மழை விட்ட ஒருநாள் காலையில் அந்தப் பெரியவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு துணிப்பை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது, வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கொல்லைப்புறத்தை மட்டுமே பார்த்தாயிற்று, ஒரு பெரிய ஊரையாவது முன்வாசல் வழியாகப் பார்க்கலாம் என்று வந்தேன் என்றார்.

"படகு குடும்மா. ஆயுசு பூரா தண்ணிக் கணக்குப் பார்த்தவன், தண்ணி மேல ஒரு தடவைகூடப் போனதில்லை."

படகில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. வரிசையில் அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இவருக்குப் படகைக் கொடுத்தால், அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது முழு நாள் பஸ்தான். அரை நாள் எப்போதோ நிறைந்துவிட்டது, கைக்குழந்தையோடு நடையும் முடியாது.

"எத்தனை பேர் ஐயா?" தெரிந்தும் கேட்டாள்.

"நான் மட்டும்தான்."

"தனியா வந்தவங்களுக்கு முழு நாள்தான் நல்லது ஐயா. கோட்டை, மியூசியம், பாலம் எல்லாம் பார்த்துடலாம். பேச்சுத் துணைக்கும் ஆள் இருக்கும். படகுல தண்ணியத் தவிர ஒண்ணும் இல்லை."

"அப்படியா சொல்ற? உனக்குத்தான் தெரியும். சரி, அதையே குடு." சீட்டை வாங்கிக்கொண்டு இரண்டடி போய்த் திரும்பினார். "எந்தப் பக்கம் உட்கார்ந்தா நல்லாத் தெரியும்?"

"இடப்பக்கம் ஐயா."

அவர் ஏறியபோது இடப்பக்க ஜன்னல்கள் எல்லாம் நிறைந்திருந்தன. அவள் அனுப்பியவர்கள் எல்லோரும் அவள் சொன்னபடி இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

மேம்பாலத்துக்குக் கீழே, சாலை குறுகுகிற இடத்தில், இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வலப்பக்கம் பழுதாகி நின்றது. கம்பிகள் பின்னால் பிதுங்கிக்கொண்டிருந்தன. சிவப்புத் துணி எதுவும் கட்டியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பயணி, அந்த மணிக்கூண்டு ஓடுகிறதா என்று கேட்டார். மைக், ஒரு வழிகாட்டி எப்படி நிற்க வேண்டுமோ அப்படி, முழுதாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். அந்தப் பதில் முடிவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. பஸ் வலப்பக்கம் ஒரு சாண் நகர்ந்து உரசிக்கொண்டு போனது. பெரியவர் ஜன்னல் விளிம்பில் கையை வைத்திருந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

போலீஸ் வந்து லாரியைப் பார்த்தது. சிவப்புத் துணி இல்லை, ஓரம் கட்டவில்லை, தப்பு லாரிக்காரன் மேல் என்று எழுதிக்கொண்டார்கள். வண்டியைச் சட்டென்று நிறுத்தியதற்காக அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார் ஓர் அதிகாரி. அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றார்.

கம்பெனி சார்பில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மேனேஜர் அவளைத்தான் அனுப்பினார். பொது வார்டு. பெரியவருடைய கட்டிலைச் சுற்றி மட்டும் யாரும் இல்லை. கையில் பெரிய கட்டு. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க ஐயா."

"நீ எதுக்கும்மா அலையற? பாவம், வேலை கெட்டுடும்." தண்ணீர் கேட்டார். அவள் டம்ளரை வாயருகே பிடித்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு நெனைச்சுப் பார்த்தேம்மா. எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நின்னாளே, அவ இந்த வண்டியில ஏறி அந்த ஜன்னல்ல உக்காந்திருந்தா? குழந்தை கைய வெளிய நீட்டாம இருக்குமா? நல்ல வேளை, நான் உக்காந்தேன். எனக்கு இனிமே ரெண்டு விரல் எதுக்கு, மீட்டரா எழுதப் போறேன்?"

அவள் டம்ளரைக் கழுவும் சாக்கில் வெளியே போனாள். தாழ்வாரத்தில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மனதுக்குள் போட்ட கணக்கை, ஒரு சொல் மாறாமல், அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளிடமே சொல்லி, நல்ல வேளை என்றும் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு.

"அரை நாளும் படகும் பிச்சிக்கிட்டுப் போகுது. எல்லாம் உன் வாய் ராசி. முழு நாளுக்குத்தான் ஆளே வர்றதில்லை. அதை நிறுத்திடலாம்னு இருக்கேன். பயப்படாதே, அப்பாவுக்கு வேற வேலை கொடுத்துட்டேன். ஒரு ஸ்கூலோட பேசி முடிச்சிருக்கு. திங்கக்கிழமையில இருந்து காலையிலயும் சாயங்காலமும் பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வரணும், அவ்வளவுதான். வயசான காலத்துல அவருக்கும் ஓய்வா இருக்கும்."

"மைக் அண்ணன்?"

"ஸ்கூல் பஸ்ஸுக்கு எதுக்கும்மா கைடு? பிள்ளைங்களுக்குக் கோட்டையக் காட்டவா?" அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. குழந்தைகளை அந்த வண்டியிலிருந்து விலக்க விலக்கத்தான் வண்டி காலியானது. காலியானதால்தான் இப்போது வண்டி நிறையக் குழந்தைகள். இந்தத் தடவை நடுவில் அவள் கவுண்டர் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் இடப்பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஸ்கூல் வண்டி வேண்டாம்பா. நீங்களே போய் மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்ல?"

"உங்களுக்கே தெரியும்."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "வண்டிக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு, தெரியுமா?" என்றார். "எனக்கு இடப்பக்கமா, மேல. அது நல்லாத் தெரியும் எனக்கு. முன்னெல்லாம் அதுல பார்த்தா ஒரே கும்மாளமா இருக்கும். ஒண்ணு வாந்தி எடுக்கும், ஒண்ணு அழும், ஒரு கெழவி தூங்கி வழிவா. இப்ப சாவு வீட்டுக்குப் போற வண்டி மாதிரி இருக்கு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கிறதில்லை. எல்லாம் ஒத்தை ஒத்தை ஆளு. தேடி வர ஆளில்லாதவனாப் பார்த்து ஏத்தி விடறியே, எனக்குத் தெரியாதுன்னா நெனைச்ச?"

"நீங்க இறங்கியிருந்தா நான் எதுக்குப்பா..."

"நான் ஓட்டறது தப்புதான். அது எனக்குத் தெரியும். ஆனா நான் யாரையும் பொறுக்கலை. வந்தவங்களை ஏத்திக்கிட்டேன். பொறுக்கினது நீ."

"திங்கக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"மெதுவாப் போவேன்."

"மைக் அண்ணன் இருக்க மாட்டாருப்பா."

"கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப்பேன்." சொல்லிவிட்டு, அதை ஒருமுறை செய்து பார்ப்பது போல வலப்பக்கம் திரும்பினார். அங்கே சுவர்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை அவள் மேனேஜரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். நின்றபடியே, ஒரே மூச்சில். அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு எப்பயிருந்து தெரியும்?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

"அப்ப அந்த விரல் போன ஆளு..."

"நான்தான் ஏத்தினேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. அப்பா இன்னையோட இறங்கிடட்டும். வீட்டைக் காலி பண்ண வேண்டாம், உன் வேலையும் இருக்கட்டும், மைக் விஷயமும் எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கேஸ் லாரிக்காரன்மேல முடிஞ்சுபோச்சு. அதை யாரும் கிளறக் கூடாது. புரியுதா? வாயைத் திறந்தா வீடும் கிடையாது, வேலையும் கிடையாது."

"புரியுது சார்."

அப்பா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்குள் அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அவள் தன் வலப்பக்கம் இருப்பது போல, பார்க்காமலே போனார். எந்தப் பக்கம் நின்றாலும் அப்படித்தான். அம்மா மட்டும், "வீடு தப்பிச்சுது, அது போதும்" என்று இரண்டு தடவை சொன்னாள். மைக்கை நடைப் பயணத்துக்கு மாற்றினார்கள். வழியில் பார்த்தபோது, "உனக்கென்ன, படிச்ச பொண்ணு. நியாயத்துக்கும் உனக்கு நேரம் கிடைக்குது" என்றார். குத்தலா, பாராட்டா என்று அவளுக்கு விளங்கவில்லை. யோசிக்கவும் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்ன பிறகு மனம் லேசாகும் என்று எங்கோ படித்திருந்தாள். லேசாகவில்லை. சொல்ல வேண்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை என்பதால் இருக்கலாம்.

புதன்கிழமை அவரே வந்தார். அதே துணிப்பை, இப்போது இடக்கையில். வலக்கையில் சின்னதாக ஒரு கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், சாயங்காலம் ரயில்.

"நல்லாயிருக்கியாம்மா? ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. வந்ததுக்கு இந்த ஊரைப் பாதிதான் பார்த்தேன். சின்னதா ஏதாவது இருக்கா? நீயே பார்த்துச் சொல்லு, எது நல்லது?"

பின்னால் யாரும் இல்லை. கண்ணாடி ஓட்டை அவர் வாய்க்கு நேராக இருந்தது. வழக்கமான பதில் அவள் நாக்கில் தயாராக வந்து நின்றது.

"ஐயா, அன்னைக்கு வண்டி ஓட்டினது எங்கப்பா. அவருக்கு வலப்பக்கம் தெரியாது. எனக்கு அது முன்னாடியே தெரியும்."

அவர் புரியாமல் சிரித்தார். அவள் மறுபடியும் சொன்னாள். படகில் இடம் இருந்ததைச் சொன்னாள். பின்னால் நின்ற பெண்ணுக்காக அதை வைத்துக்கொண்டதைச் சொன்னாள். சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது.

"அந்தப் பொண்ணு போகக் கூடாதுன்னு என்னை அனுப்பின."

"ஆமாங்க."

"ஏன், நான் போனாப் பரவாயில்லைன்னு நெனைச்சியா?"

ஏதாவது ஒரு நியாயமான காரணம் கிடைக்குமா என்று அவள் தேடினாள். அத்தனை நாளும் கேட்டவுடன் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒன்றும் வரவில்லை.

"ஆமாங்க" என்றாள்.

பெரியவர் கட்டுப் போட்ட கையை, யாரோ பிடுங்கிக்கொள்ள வருவது போல, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"நான் நானாச் சொன்னேன் அன்னைக்கு, அந்தக் குழந்தைக்குப் பதிலா நான்னு. அது என் மனசுக்கு ஆறுதலா இருந்துச்சும்மா. அதையும் எடுத்துக்கிட்டே."

அவர் திரும்பி நடந்தார். வாசல் வரைக்கும் போய், ஆற்றை நோக்கிப் போகிற அம்புக்குறி வரைந்த பலகையின் கீழ் நின்றார். எல்லாப் பயணத்துக்கும் சீட்டு அவளிடம்தான் வாங்க வேண்டும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்தார். இடக்கையால் பையைத் துழாவிப் பணத்தை எடுத்து ஓட்டைக்குள் தள்ளினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"படகு. ஒண்ணு."

அவள் கிழித்துக் கொடுத்தாள்.

"போயிட்டு வந்து போலீஸ்ல சொல்லுவேன்."

"சொல்லுங்க ஐயா."

சீட்டு அவருடைய இடக்கை விரல்களில் சரியாகப் பிடிபடாமல் கீழே விழுந்தது. அவள் எழுந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அவரே குனிந்து, தரையில் ஒட்டிக்கொண்ட காகிதத்தை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

படகு திரும்பி வர மத்தியானம் ஆகும். அவள் தன் பையில் சாப்பாட்டுப் பாத்திரத்தையும், நீலம் பாரித்த படங்களுக்குக் கீழே செருகி வைத்திருந்த தேர்வுப் புத்தகத்தையும் எடுத்து வைத்தாள். அம்மாவிடம் வீட்டைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்தபடி அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு குடும்பம் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, எது நல்லாயிருக்கும்?"

அவள் நான்கு படங்களையும் கையால் காட்டினாள். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.